மரம் நிறைந்த பூங்காவில் பி.எம். 2.5 ஏன் கூடுதலாகக் காட்டுகிறது?

கேள்வி: மதுரவாயல் அம்மா

வணக்கம். எங்கள் வீடு மதுரவாயல் பைபாஸை ஒட்டிய சர்வீஸ் சாலையில், மேற்குப் பக்கம், இரண்டாம் மாடி. பால்கனியில் நின்றால் கண்ணெதிரே கண்டெய்னர் லாரிகள்தான். மகனுக்கு ஏழு வயது, மூன்று வருடமாக வீசிங். பஃப் எடுத்துக்கொள்ளாமல் நாங்கள் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை.

தை பிறந்ததும், காற்றில் மிதக்கும் நுண்தூசை (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ளது, பி.எம். 2.5 என்கிறார்கள்) அளக்கும் கையடக்கமான மீட்டர் ஒன்று வாங்கினேன். தினமும் காலை 6.30-க்குப் பால்கனியில் ஒரு முறை, எட்டு நிமிட நடையில் இருக்கும் பூங்காவில் ஒரு முறை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். ஐந்து வாரம் ஆயிற்று. பால்கனியில் பெரும்பாலும் கன மீட்டருக்கு 70 முதல் 80 மைக்ரோகிராம். பூங்காவில் 60 முதல் 65. புங்கையும் தூங்குமூஞ்சியும் வேம்பும் நிறைந்த பழைய பூங்கா. மரம் தூசை இழுத்துக்கொள்கிறது என்று நம்பி, மகனைத் தாத்தாவோடு தினமும் காலையில் அங்கே அனுப்பினேன்.

ஆனால் நோட்டைப் புரட்டினால் சில நாட்கள் தலைகீழாக இருக்கின்றன. பூங்காவில் 140, 165, ஒரு நாள் 210. அதே காலையில் பால்கனியில் 75. எல்லாமே செவ்வாயோ வெள்ளியோதான். அப்படி ஒரு வெள்ளி இரவு மகன் தூங்கவே இல்லை.

இன்னொரு விஷயம். எங்கள் குடியிருப்பின் கிழக்கு மதிலோரம், சாலையைப் பார்த்து, 60 அடி நீளத்துக்கு 12 அடி அகலத்தில் வெறும் மண் தரை கிடக்கிறது. எட்டு நெட்டிலிங்க மரங்கள் மட்டும் நிற்கின்றன. சங்கத்தில் 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். புல்தரை போடலாம் என்கிறார் ஒருவர், மியாவாக்கி, அதாவது கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் குட்டிக் காடு, என்கிறார் இன்னொருவர். என் பையன் படுக்கும் அறைக்குள் வரும் தூசு குறைய என்ன நடவேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போரூர் பாலா

அம்மா, யோசிக்கவே வேண்டாம், மியாவாக்கி போடுங்கள். 2020-ல் கோட்டூர்புரத்தில் மாநகராட்சி போட்டதை நேரில் பார்த்தேன், இரண்டே வருடத்தில் உள்ளே நுழைய முடியாத காடு. பெய்ஜிங் நகரின் மையப் பகுதியில் இருக்கும் 24 லட்சம் மரங்கள் ஒரு வருடத்தில் 772 டன் பி.எம். 10 தூசை (10 மைக்ரோமீட்டர் வரையுள்ளது) பிடித்தன என்று ஒரு ஆய்வுக் கணக்கே இருக்கிறது. மரத்துக்கு மிஞ்சிய வடிகட்டி கிடையாது. பூங்காவில் அதிகம் காட்டியது மீட்டர் கோளாறாகத்தான் இருக்கும். விலை குறைந்த மீட்டர்கள் பனிக்காலத்தில் கன்னாபின்னாவென்று காட்டும்.

வடிதாள்

சகோதரி, மீட்டர் கோளாறு இல்லை. கோளாறு கிழமை பார்த்து வராது. உங்கள் நோட்டில் இருக்கும் செவ்வாயும் வெள்ளியும்தான் விடை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் காற்றின் தரம் அளக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் களத்தில் இருந்தவன். மொட்டை மாடிகளில் வைத்த கருவிகளில் வடிதாள் மாற்றுவதுதான் என் வேலை. பி.எம். 2.5 வடிதாள் 47 மில்லிமீட்டர் அகல வட்டம், உள்ளங்கைக் குழிக்குள் அடங்கிவிடும். கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை அதன் வழியாக இழுக்கும். ஒரு நாள் முழுக்க ஓடினால் 24 கன மீட்டர். காற்றில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால், அதுதான் நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு, தாளில் சேர்வது 1.44 மில்லிகிராம். ஒரு கடுகின் எடைகூட வராது. ஆனால் வெள்ளையாகப் போட்ட தாள் மறுநாள் எழுதிப் பழகிய சிலேட்டு நிறத்தில் வெளியே வரும். அந்த நிறத்தைக் கொடுப்பது பெரும்பாலும் கரி, அதாவது டீசல் புகையும் எரிப்புப் புகையும். ஆயிரக்கணக்கான தாள்களை இடுக்கியால் எடுத்து உறையில் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் யாரோ அன்றைக்கு மூச்சில் இழுத்தது என்ற நினைப்பு வராமல் இருந்ததில்லை.

மரம் எதைப் பிடிக்கிறது என்று பார்ப்போம். பைபாஸின் நடுவில் இருக்கும் அரளிச் செடியில் ஒரு இலையைப் பறித்து, ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் அழுக்கு வரும். இலை தூசு பிடிக்கிறது என்பதற்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுவது இதைத்தான். அந்த அழுக்கில் எடை போட்டால் முக்கால்வாசிக்கு மேல் பெரிய தூசு. சாலை மண், டயர் தூள், கட்டுமானத் தூசு. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெரியது. உங்கள் மகனின் நுரையீரலின் ஆழம் வரை போவது தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் துகள்.

ஏன் அது இலையில் ஒட்டுவதில்லை? கொண்டையூசி வளைவில் வேகமாக வரும் லாரி திரும்ப முடியாமல் சுவரில் மோதும். சைக்கிள்காரர் வளைந்து போய்விடுவார். காற்று இலையைச் சுற்றிக்கொண்டு போகும்போது பெரிய தூசு லாரி மாதிரி நேரே போய் இலையில் அடிக்கும், சின்னத் துகள் காற்றோடு வளைந்து தப்பிவிடும். அதைவிட மிகச் சின்னது, மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே உள்ளது, தறிகெட்டு அலைவதால் மறுபடி கொஞ்சம் ஒட்டும். பி.எம். 2.5-இன் எடையில் பெரும்பகுதி இருப்பதோ இந்த இரண்டுக்கும் நடுவில், இலைக்கு மிகக் குறைவாகச் சிக்கும் அளவில். ஒட்டியதும் நிலையாக இருப்பதில்லை. காற்று பலமாக அடித்தால் கொஞ்சம் மறுபடி பறக்கும், மீதியை மழை கழுவினால்தான் மண்ணுக்குப் போய்ச் சேரும். சென்னையில் தை முதல் வைகாசி வரை அந்த மழை பேருக்குத்தான்.

பாலா தம்பி சொன்ன பெய்ஜிங் கணக்கு உண்மை. ஆனால் டன் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். நகரத்தின் மேல் இருக்கும் காற்று அவ்வளவு பெரியது. அமெரிக்காவின் பத்து நகரங்களுக்கு 2013-ல் வெளியான மதிப்பீட்டில், அட்லாண்டாவின் மரங்கள் வருடத்துக்கு 64.5 டன் பி.எம். 2.5 அகற்றுகின்றன என்று வந்தது. கேட்க மலைப்பாக இருக்கும். அதனால் காற்றில் குறைந்த அளவு எவ்வளவு தெரியுமா? 0.24 சதவீதம். பத்து நகரங்களில் அதுதான் அதிகம், சான் பிரான்சிஸ்கோவில் 0.05. உங்கள் 60-ல் 0.24 சதவீதம் என்றால் 0.14 மைக்ரோகிராம். என் வடிதாளில் 0.0035 மில்லிகிராம் வித்தியாசம். நுண்தராசில் ஒரே தாளை இரண்டு தடவை எடை போட்டால் வரும் வேறுபாட்டிலேயே அது மறைந்துவிடும். பிரிட்டன் அரசின் காற்றுத்தர நிபுணர் குழுவும் 2018-ல் இதே முடிவுக்குத்தான் வந்தது: மரம் நட்டு ஒரு நகரத்தின் தூசு மாசைத் தீர்க்க முடியாது, கிடைப்பது சில சதவீதம்தான்.

அப்படியென்றால் பூங்காவில் எப்படி 60 காட்டியது? அங்கே லாரி ஓடவில்லை. பைபாஸிலிருந்து தள்ளியும் இருக்கிறது. சாலைப் புகை நூறு, இருநூறு மீட்டரில் நன்றாக நீர்த்துவிடும். கவனியுங்கள், பி.எம். 2.5 எடையில் அந்த வித்தியாசம் கொஞ்சமாகத்தான் தெரியும், ஏனென்றால் அதில் பெரும்பங்கு ஊர் முழுக்கப் பரவி நிற்பது. நிலக்கரியும் டீசலும் எரிந்து வரும் கந்தக, நைட்ரஜன் வாயுக்கள் காற்றிலேயே உப்புத்துகளாக மாறிப் பல கிலோமீட்டர் பயணம் செய்யும். அதைப் பூங்காவும் தடுக்காது, மதிலும் தடுக்காது. டீசல் கரியில்தான் சாலையோரத்துக்கும் உள்பகுதிக்கும் பெரிய வித்தியாசம், அதை உங்கள் மீட்டர் தனியாகக் காட்டாது. ஆகவே மீட்டரில் வெறும் 12 குறைந்தாலும் மகனுக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். பூங்காவை விட்டுவிடாதீர்கள்.

இப்போது செவ்வாய், வெள்ளி. மாசியில் புங்கையும் வேம்பும் இலை கொட்டும். வாரத்துக்கு இரண்டு நாள் பெருக்கும் பூங்காக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெருக்கிய சருகை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று பாருங்கள். விடியற்காலையில், யாரும் வருவதற்கு முன், மூலையில் குவித்துக் கொளுத்தியிருப்பார்கள். பனி ஈரத்தோடு எரியும் சருகு சுடர்விட்டு எரியாது, புகைந்துகொண்டே இருக்கும். அந்தப் புகையில் உள்ள துகள் கிட்டத்தட்ட முழுவதுமே பி.எம். 2.5. தையிலும் மாசியிலும் காலைக் காற்று அசையாது, தரையோடு குளிர்ந்து மூடி போட்ட மாதிரி நிற்கும், புகை மேலே போகாது. மரங்களின் கிளைகளும் அதை அமுக்கி வைக்கும். ஆறு மணிக்கு நெருப்பு அணைந்திருந்தாலும் ஆறரைக்கு மகன் அதற்குள்தான் நடந்திருப்பான். போகி காலை சென்னையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதன் குட்டி வடிவம் இது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு விதிகள் 2016-லேயே தடுத்துவிட்டன. அதே வருட டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதம் என்றும், பெரிய அளவில் எரித்தால் 25,000 என்றும் உத்தரவிட்டது. ஆனால் தயவுசெய்து பெருக்குகிறவரிடம் சட்டம் பேச வேண்டாம். சருகை எடுத்துப்போக வண்டி வந்திருக்காது. அவர் வேறு என்ன செய்வார்?

மீட்டரைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பாலா சொன்னதில் நியாயம் உண்டு. லேசர் ஒளி சிதறுவதை வைத்து எண்ணும் கருவி அது. பனி ஈரத்தில் துகள் தண்ணீர் குடித்து உப்பும், மீட்டர் கூட்டிக் காட்டும். அதனால் 72 என்பதை அப்படியே 72 என்று நம்ப வேண்டாம். அதே காலையில் இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். ஆப்பில் வரும் ஏ.க்யூ.ஐ. (காற்றுத் தரக் குறியீடு) எண்ணோடும் ஒப்பிடாதீர்கள், இந்தியக் கணக்கில் 60 மைக்ரோகிராம் என்றால் ஏ.க்யூ.ஐ. 100, இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

மதிலோரத்துக்கு என்ன நடுவது என்பதை நாளைக்கு எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

மாசறு (சுற்றுச்சூழல் பொறியியல், மூன்றாம் ஆண்டு)

ஐயா, உங்கள் பதிவிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன். ஒரு சந்தேகம். இங்கிலாந்தின் லங்காஸ்டரில் 2013-ல் வந்த ஆய்வு ஒன்றை வகுப்பில் படித்தோம். சாலையோர வீடுகள் சிலவற்றின் முன்னால் வெள்ளிப் பிர்ச் கன்றுகளைத் தொட்டியில் வரிசையாக வைத்தார்கள். அந்த வீடுகளுக்குள் தூசு பாதிக்கும் மேல் குறைந்தது. 0.24 சதவீதம் எங்கே, 50 சதவீதம் எங்கே? இரண்டும் எப்படி உண்மையாக முடியும்?

வடிதாள்

நல்ல கேள்வி மகளே. இரண்டும் உண்மைதான். ஒன்று ஊர் முழுவதன் கணக்கு, மற்றொன்று ஒரு ஜன்னலின் கணக்கு. ஊருக்கு மரம் வடிகட்டி ஆகாது. ஆனால் புகை கிளம்பும் இடத்துக்கும் மூக்குக்கும் நடுவில், சரியான இடத்தில் நின்றால் தட்டி ஆகும். காற்றை மேலே தூக்கி, கலக்கி, நீர்க்க வைத்துத்தான் உள்ளே விடும். பிர்ச் இலை சின்னது, மயிர் உள்ளது, அதனால் ஒட்டுவதும் கூடுதல். நாலைந்து வீட்டில் செய்து பார்த்தது என்பதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்.

எந்த இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சௌகார்பேட்டை மாதிரி இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நெருக்கும் தெருவில், மேலே குடை மாதிரி கிளைகள் மூடினால், கீழே வண்டிப் புகை வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். அங்கே மரத்தால் தூசு கூடிய அளவீடுகள் பல நாடுகளில் உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் கோடரி எடுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் அந்த நிழல் இல்லாவிட்டால் வயதானவர்கள் தெருவில் இறங்கவே முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு வந்த கோடையில், என் தெருவில் நின்று பார்த்தவன் நான். குறுகிய தெருவில் வண்டியைக் குறைக்க வேண்டும், மரத்தை அல்ல.

சகோதரி, உங்கள் இடம் அப்படியல்ல. ஒரு பக்கம் அகலமான திறந்த சாலை. தையிலும் மாசியிலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும் காற்று, கோடையில் பிற்பகல் கடல் காற்று, எல்லாம் பைபாஸைக் கடந்துதான் உங்கள் ஜன்னலுக்கு வருகிறது. தட்டி கட்டப் பொருத்தமான இடம். இப்போது நிற்கும் நெட்டிலிங்கம் தட்டி ஆகாது. ஒவ்வொன்றும் தூண் மாதிரி தனித்தனியே நிற்கும், நடுவில் இருக்கும் சந்தில் காற்று இன்னும் வேகமாகப் பாயும். அடிமரம் மொட்டையாக வளரும் மரமும் உதவாது. வண்டிகளின் புகைக்குழாய் பெரும்பாலும் முழங்கால் உயரத்தில், புகை அடிமரத்தின் வழியே தாராளமாக உள்ளே வந்துவிடும். தரையிலிருந்தே இலை அடர்ந்திருக்க வேண்டும், இடைவெளி இருக்கக் கூடாது, 5 மீட்டருக்குக் குறையாமல் உயர வேண்டும், வருடம் முழுக்க இலை நிற்க வேண்டும்.

நான் சொல்வது மூன்று வரிசை. சாலைப் பக்கம் நொச்சி, நெருக்கி. இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் வெளுத்து மெல்லிய மயிரோடு இருக்கும். மாடும் கடிக்காது. நடுவில் கொடுக்காப்புளி, நம் ஊர்களில் வேலிக்கென்றே வைத்தது, வெட்ட வெட்ட அடரும். உள்பக்கம் மகிழம், மெதுவாக வளர்ந்தாலும் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்காது. நெட்டிலிங்கத்தை வெட்ட வேண்டாம், அதன் சந்துகளை நிரப்புங்கள். மியாவாக்கி முறையில் நெருக்கி நடும் பழக்கம் இங்கே பயன்படும், பாலாவின் யோசனையில் அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வளரும் என்று யாராவது கோனோகார்பஸ் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை என்று குஜராத் 2023-ல் தடுத்தது, தமிழ்நாடும் 2025-ல் தடுத்துவிட்டது. வீசிங் உள்ள பிள்ளை வீட்டு வாசலில் அது வேண்டவே வேண்டாம். தைலமரமும் வேண்டாம், அது விடும் ஆவியே வெயிலில் ஓசோனுக்கும் நுண்துகளுக்கும் மூலப்பொருள்.

வெறும் மண் தரையை மூடுங்கள், புல்லோ சருகோ எதுவானாலும். காற்றில் மண் கிளம்புவது நிற்கும்.

நான் ஒன்றை மறைக்கக் கூடாது. இரண்டாம் மாடி ஜன்னல் இருபது அடிக்கு மேல். வேலி அந்த உயரம் வர நான்கைந்து வருடம் ஆகும், வந்தாலும் எண் பாதியாகக் குறையும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அதுவரை மகனின் படுக்கையை மேற்குப் பக்கம், சாலைக்கு முதுகு காட்டும் அறைக்கு மாற்றுங்கள். விடிகாலையில் கிழக்கு ஜன்னலைச் சாத்தி வையுங்கள், காற்று வீசத் தொடங்கியதும் திறங்கள். மருந்து விஷயத்தில் டாக்டர் சொன்னதைத் தவிர எதையும் மாற்ற வேண்டாம்.

மதுரவாயல் அம்மா

ஐயா, இன்று வெள்ளி. ஐந்தே முக்காலுக்கே போய் நின்றேன். மோட்டார் அறைக்குப் பின்னால், மதில் மூலையில், நீங்கள் சொன்னது அப்படியே. முழங்கால் உயரச் சருகுக் குவியல், மேலே நெருப்பே தெரியவில்லை, உள்ளிருந்து வெள்ளையாகப் புகை தரையோடு ஊர்ந்து நடைபாதையை மூடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மீட்டர் 400-ஐத் தாண்டியது. என் பிள்ளையை நானே தினமும் இதற்குள் அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெருக்கும் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவரும் இருமுகிறார். மூன்று மாதமாகச் சருகு எடுக்க வண்டி வரவில்லையாம், குவித்து வைத்தால் பாம்பு வரும் என்று நடக்க வருகிறவர்கள் சத்தம் போடுகிறார்களாம். தண்ணீர் ஊற்றி இருவரும் அணைத்தோம். பூங்காவின் பின்பக்கம் குழி எடுக்க மேற்பார்வையாளரிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன், கூலி எங்கள் சங்கத்தின் 40,000-லிருந்து. குழி போட்டு வைத்தால் மட்குமா ஐயா?

படுக்கையை நேற்றே மாற்றிவிட்டோம்.

திருநின்றவூர் தோட்டம்

அக்கா, மட்கு விஷயம் நான் சொல்கிறேன், ஐயா ஓய்வெடுக்கட்டும். நாலடி ஆழக் குழி. ஒரு முழம் சருகு, மேலே சாணிக்கரைசல், கைப்பிடி தோட்ட மண், மறுபடி சருகு. காலால் மிதித்து அமுக்குங்கள். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர், மாதம் ஒரு தடவை கிளறல். புங்க இலை சீக்கிரம் மட்கும், தூங்குமூஞ்சியின் காய் மட்டும் சிக்கல், பொறுக்கி எடுத்துவிடுங்கள், மாட்டுக்குப் போடலாம். பாம்பு பயத்துக்குக் குழியின் மேல் பழைய கம்பி வலை போதும். இன்று போட்டால் ஆடிக்குக் கறுப்பாக, மண் வாசனையோடு எடுக்கலாம்.

பங்குனி, சித்திரை வெயிலில் வேலி நடாதீர்கள், பாதி காயும். இப்போது வாய்க்கால் மட்டும் வெட்டி வையுங்கள், ஆடியில் அந்த மட்கையே போட்டு நடலாம். நொச்சிக்கு நர்சரியில் காசு கொடுக்க வேண்டாம். எங்கள் கிணற்று மேட்டில் வேலியே நொச்சிதான், மதில் காக்கப் போன வீரர்கள் தலையில் சூடிய பூ அது என்று எங்கள் தமிழய்யா சொல்வார். கைவிரல் பருமனில் ஒரு முழக் குச்சி, சாய்த்து வெட்டி இரண்டு கணு மண்ணுக்குள் போனால் போதும், தழைத்துவிடும். 60 அடிக்கு அடிக்கு ஒன்றாக, காய்வதையும் சேர்த்து 80 குச்சி வேண்டும். ஆடி முதல் ஞாயிறு ஈரச் சாக்கில் சுற்றி நானே வண்டியில் கொண்டுவருகிறேன். அந்தப் பெருக்கும் அண்ணனையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள்.